கெட்டில் தீவின் ஆள்கணக்கு

வெர்னன் சல்மேலா பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அந்தக் கோடை வரைக்கும். எங்கள் போர்ட் ஆல்டன் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் பாதி மதிப்பெண்தான் கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் அவரைப் பார்த்தால் இன்னமும் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, சுப்பீரியர் ஏரியில் இருக்கும் கெட்டில் தீவின் கலங்கரை விளக்கத்தில் தொண்டராகச் சேர்ந்தார். ஜூன் மாதம் போனால் செப்டம்பர் கடைசியில்தான் ஊர் திரும்புவார். விளக்கு தானே எரிந்து தானே அணைந்துகொள்கிறது, அதற்கு ஆள் வேண்டாம். வருகிறவர்களைக் கோபுரத்தில் ஏற்றி இறக்கவும், பழைய காவலர் வீட்டைத் திறந்து காட்டவும், கழிப்பறையில் காகிதம் வைக்கவும்தான் ஆள் வேண்டும்.

ஒன்றரை மைல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்லி தீவு. அங்கேயும் ஒரு கோபுரம், அங்கேயும் ஒரு தொண்டர்: ரஸ் டுஃபோ. வெர்னனின் மனைவி லவோனுக்கு அண்ணன். என்னோடு படித்தவன். பழைய படகுகளை விற்றுப் பிழைத்தான். தான் விற்ற படகுகளில் பாதி இன்னும் மிதக்கின்றன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

நான் ஆர்டிஸ். இரண்டு தீவுக்கும் ஆள் ஏற்றிப் போகும் படகு என்னுடையது. பன்னிரண்டு பேர் உட்காரலாம், ஒரு நாளைக்கு இரண்டு நடை. அந்தத் தீவுகளுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று உலகத்தில் யாராவது ஒருவருக்கு ஓரளவு சரியாகத் தெரியும் என்றால் அது எனக்குத்தான். கடைசி வரைக்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஏரிக்கரைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கூட்டம். ஆறிப்போன காப்பி, காய்ந்துபோன டோனட். கிரெச்சன் எழுந்து அறிவிப்பை வாசித்தாள். அலுவலகத்தில் ரேடியோவைக் கவனிப்பவள் அவள்தான். வெர்னனின் பழைய மாணவி. முப்பத்தைந்து வயதாகியும் அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள்.

“ரெண்டு கோபுரத்துலயும் வெள்ளை உதிர்ந்து செங்கல் தெரியுதுன்னு மேலிடத்துக்குத் தெரியும். ஆனா அடுத்த வருஷம் ஒண்ணுக்குத்தான் வெள்ளையடிப்பாங்களாம். எதுக்கு ஜனங்க அதிகம் வர்றாங்களோ அதுக்கு.”

அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு கருவிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. கட்டைவிரலால் அழுத்தினால் ‘க்ளிக்’ என்று ஓர் எண் கூடும்.

“ஒரு ஆள் வந்தா ஒரு அழுத்து. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரேடியோவுல எண்ணிக்கை சொல்லிடுங்க. அவ்வளவுதான்.”

“ஒரு ஆள்னா யாரு?” என்றார் வெர்னன்.

“சார்?”

“வரையறை வேணும்மா. கைக்குழந்தை ஆளா? துறை வரைக்கும் வந்து கொசுவைப் பார்த்துட்டு இறங்காமலே திரும்பிப் போறவன் ஆளா?”

கிரெச்சன் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. “அதை உங்க மனசாட்சிக்கே விட்டிருக்காங்க போல சார்.”

மனசாட்சி என்ற சொல்லைக் கேட்டு ரஸ் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்து மணிக்கு நான் படகைக் கட்டிவிட்டுக் கயிறு சுருட்டும் நேரம். ரேடியோ தலைக்கு மேல் பேசிக்கொண்டிருக்கும். இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெர்னனின் குரல், “கெட்டில், பதினொண்ணு,” என்றது. அவருக்கு நான் ஒன்பது பேரை இறக்கியிருந்தேன். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் இரண்டு பேர் தாங்களாகவே வந்திருப்பார்கள். சரி.

அடுத்து ரஸ்: “பார்லி, பத்தொம்பது.”

அவனுக்கு நான் இறக்கியது ஆறு பேர்.

மறுநாள் துறையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். “டேய் ரஸ், நேத்து ஆறு பேரைத்தானே விட்டேன். மீதிப் பதிமூணும் முட்டையிலயிருந்து பொரிஞ்சுதா?”

“கேப்டன், நீ ஏத்தி இறக்குறவ. உனக்கு இதெல்லாம் புரியாது. ஆறு பேர் துறையில இறங்கினாங்க. அது ஆறு. ஆறு பேரும் கோபுரத்துல ஏறினாங்க. அது பன்னெண்டு. கோபுரத்துலயிருந்து இறங்கி மறுபடி தீவுக்கு வந்தாங்க இல்ல? பதினெட்டு.”

“பத்தொம்பதாவது?”

“ஒரு அம்மா தொப்பியை மறந்துட்டுத் திரும்ப வந்துச்சு.”

வெர்னனிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். மளிகைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“கோபுரம் தீவுக்கு உள்ளேதானே இருக்கு?”

“அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்.”

“உள்ளே இருக்கறவன் எப்படி மறுபடி உள்ளே வருவான்? அவனோட கணக்கு வாத்தியார் அவனைப் பத்தாம் வகுப்புலயே நிறுத்தி வெச்சிருக்கணும், ஆர்டிஸ்.” கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார். வடக்குப் பக்கம் முழுக்கப் பாளம் பாளமாக உதிர்ந்து, சொறி பிடித்த நாய் மாதிரி நின்றது. அந்த வாரம் பூராவும் அவர் தூங்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

திங்கட்கிழமை ரேடியோவில், “கெட்டில், இருபத்திநாலு,” என்றது வெர்னனின் குரல். அவருக்கு நான் இறக்கியது எட்டுப் பேர்.

பொய் சொல்வதென்றாலும் அவருக்கு ஒரு முறை வேண்டும். சமையலறை மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு வரையறைகளை எழுதினார். நான் பார்த்தேன், அழகான கையெழுத்து. வருகை என்பது ஓர் இடத்துக்கு வருவது. தீவில் இடங்கள் ஐந்து: துறை, வீடு, கோபுரம், கழிப்பறை, கிழக்கு மணற்கரை. ஆகவே ஒருவர் ஐந்து வருகை. கழிப்பறைக்கு இரண்டு தரம் போனால் ஆறு. ரஸ் வாய்க்கு வந்ததைச் சொன்னான். இவர் ஒவ்வொன்றையும் நிரூபித்துவிட்டுச் சொன்னார். அதனால் இவருக்குக் குற்ற உணர்ச்சி குறைவாக இருந்தது, எண்ணிக்கை அதிகமாக இருந்தது.

ரஸ் விடுவானா? தீவைத் தாண்டிப் போகும் பாய்மரப் படகுகளில் இருப்பவர்களை எல்லாம் தொலைநோக்கியில் பார்த்து அழுத்தத் தொடங்கினான். “அவங்க கண்ணு இங்கே வந்துட்டுப் போச்சு, கேப்டன்,” என்றான். ஜூன் கடைசியில் ஒரு கரடி பார்லியிலிருந்து கெட்டிலுக்கு நீந்தியது. இங்கே அது ஒன்றும் புதிதல்ல, கரடிகளுக்குப் பழத்தைத் தேடித் தீவு மாறுவது பழக்கம். அது கிளம்பும்போது ரஸ் ஓர் அழுத்து, போய்ச் சேர்ந்ததும் வெர்னன் ஓர் அழுத்து. குப்பைப் பெட்டிக்கும் கழிப்பறைக்கும் போனதைச் சேர்த்து வெர்னன் அதை மூன்றாகப் போட்டார்.

நானும் யோக்கியம் இல்லை. மாதக் கடைசியில் எண்ணிக்கைத் தாளில் படகுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் அதிகம் வரும் தீவுக்குப் புதுத் துறை கட்டித் தருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. கெட்டில் துறையில் இரண்டு பலகை உளுத்துப் போயிருப்பதை ஏழு வருஷமாக மேலிடத்துக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன கோடையில் ஒரு பாதிரியார் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டு, பாதிரியார் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். ஆகவே நான் பேனாவை எடுத்தேன், இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை முதல் வாரம், விடுமுறைக் கூட்டம் வர வேண்டிய நேரத்தில் மூடுபனி இறங்கியது. மூன்று நாள். சுப்பீரியர் ஏரியின் மூடுபனி என்றால் படகின் முன்முனையில் நிற்கிறவன் பின்முனைக்குக் கடிதம்தான் போட வேண்டும். ஒரு படகு கூடக் கிளம்பவில்லை. கயாக் வாடகைக்கு விடுபவன் கடையைப் பூட்டிவிட்டு மருமகள் வீட்டுக்குப் போய்விட்டான். நான் படகுக்குள் உட்கார்ந்து புகைபோட்ட வெள்ளைமீனைத் தின்றுகொண்டு ரேடியோவைத் திறந்து வைத்திருந்தேன். எனக்கு ஆவல்.

ஐந்து மணி.

“கெட்டில், அறுபத்திநாலு.”

“பார்லி, எழுபத்தொண்ணு.”

கொஞ்ச நேரம் ரேடியோ கரகரத்தது. கிரெச்சன் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருப்பாள், எதிர்ச் சுவர் கூடத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். பொறுக்க முடியாமல் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“இவ்வளவு பனியிலயும் ஜனங்க வர்றாங்கன்னா, அது உங்க ரெண்டு பேர் உழைப்புதான். நன்றி சார். நன்றி ரஸ்.”

நான் ஒலிவாங்கியை மாட்டிவிட்டு மிச்ச மீனைச் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் கிரெச்சனைக் கடையில் பார்த்தபோது கேட்டேன், “உனக்குச் சந்தேகமே வரலையாடி?”

“சொன்னது வெர்னன் சாராச்சே அக்கா. ஒரு தசமப் புள்ளி தள்ளி வெச்சதுக்கு என்னை கோடை வகுப்புல உக்கார வெச்சவர் அவர்.”

ஜூலை இருபத்தேழு வெர்னனுக்கும் லவோனுக்கும் கல்யாண நாள். முப்பத்தொன்பதாவது. லவோனுக்குத் தண்ணீர்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது. ஆறு வருஷமாகக் கெட்டில் பக்கமே வந்ததில்லை. அன்றைக்கு ருபார்ப் தண்டை இனிப்போடு மாவுக்குள் வைத்து ஒரு பலகாரம் சுட்டு மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி என் படகில் வந்தாள். ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும்.

துறையில் காலை வைத்தாள். வெர்னன் ஒரு கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டார். மறு கை சட்டைப் பையில் இருந்தது. க்ளிக்.

“என்ன சத்தம்?”

“முழங்கால்,” என்றார் வெர்னன்.

வீட்டுக்குள் நுழைந்தாள், க்ளிக். கழிப்பறைக்குப் போனாள், க்ளிக். கோபுரத்தில் எழுபத்திரண்டு படி ஏறி மூச்சு வாங்க மேலே நின்று, “அழகாத்தான் இருக்கு,” என்றாள். அவர் முழங்கால் அங்கேயும் சத்தம் போட்டது. அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. நான் மணற்கரையில் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சமையலறையில் மூன்று பேரும் பலகாரம் சாப்பிட்டோம். ஐந்து மணி ஆனது. வெர்னன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரேடியோவில் மெதுவாகச் சொன்னார்: “கெட்டில், எண்பத்தெட்டு.”

லவோன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எண்பத்தெட்டு என்ன?”

“வருகை.”

“யாரு வந்தா?”

அவர் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தை இழுத்துப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நர்ஸுகள் நோயாளியின் தாளைப் படிக்கும் முகம் அது. நான் வெளியே போகலாம் என்று எழுந்தேன். “நீயும் உக்காரு ஆர்டிஸ்,” என்றாள். உட்கார்ந்தேன்.

“இதுல நான் எத்தனை?”

வெர்னனுக்குப் பொய் வரவில்லை. “பதினாலு.”

“ஆர்டிஸ்?”

“ஒம்பது. அவ மணற்கரையிலயே இருந்துட்டா.”

“மீதி?”

“அது... பருவகாலச் சராசரிக்குத் திருத்தம்.”

“முப்பத்தொம்பது வருஷமா ஒருத்தியா உன்கூட இருந்தேன். அந்த ஒருத்தி கிட்டயே வாரத்துக்கு நாலு வார்த்தைக்கு மேல பேசத் தெரியல உனக்கு. இப்ப பதினாலு பேரா?” குரல் உயரவே இல்லை. “என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டியே, நல்லா இருந்துச்சு. அந்த நேரத்துல பையில என்னை அழுத்திக்கிட்டு இருந்திருக்க.”

அவர் அந்தக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “உங்க அண்ணன்தான் முதல்ல ஆரம்பிச்சான்.”

“அவனுக்கு அஞ்சு வயசுலயிருந்து அப்படித்தான். உனக்கு என்ன வந்துச்சு?”

கோபுரத்துக்காகத்தான் என்றார். அது உதிர்வதைப் பார்க்க முடியவில்லை என்றார். லவோன் மிச்சப் பலகாரத்தை மூடி எடுத்துக்கொண்டாள். ஒரு துண்டு கூட அவருக்கு விட்டுவைக்கவில்லை. துறையில் படகேறும்போது சொன்னாள், “உண்மையைச் சொல்லிட்டு வீட்டுக்கு வா. சொல்லாம வந்தா பதினாலு பேருக்கும் நீதான் சமைக்கணும்.”

வெர்னன் மேலிடத்திடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். தப்பைத் திருத்தும்போது முகத்தைப் பார்த்துத் திருத்த வேண்டுமாம். அதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பெயர் குவென்டின். சுருக்கமே இல்லாத பச்சைச் சட்டை, கையில் கணினிப் பலகை, காலில் அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்த பூட்ஸ். அதுவரைக்கும் கெட்டிலுக்கு நாலாயிரத்து இருநூறு, பார்லிக்கு நாலாயிரத்து முந்நூறு. அவர் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க அளவெடுக்க வந்திருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் பார்லி. ரஸ் தயாராக இருந்தான். வீட்டு வாசற்படியில் பதினொரு ஜோடி செருப்பும் பூட்ஸும் வரிசையாக இருந்தன. அதில் நான்கு ஜோடி, கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்த பழைய காவலருடையவை. “எல்லாரும் மேலே கோபுரத்துல இருக்காங்க சார். தொந்தரவு பண்ண வேண்டாம்,” என்றான். குவென்டின் பயபக்தியோடு தலையாட்டிப் பலகையில் குறித்துக்கொண்டார்.

பிறகு கெட்டில். துறையிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பாதையில் முழங்கால் உயரம் புல் நின்றது. குவென்டின் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

“கூட்டம் அதிகமானா ஜனங்க பாதையில நடக்கறதையே விட்டுடறாங்க. காட்டுக்குள்ள பரவிடறாங்க. படிச்சிருக்கேன், கண்ணால இப்பத்தான் பார்க்கறேன்.”

கழிப்பறையைத் திறந்தார். அது சுத்தமாக இருந்தது. “நெருக்கடியினால உபயோகிக்காமலே போயிடறாங்க,” என்று எழுதினார். வருகையாளர் கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டினார். மொத்தம் இருநூற்று மூன்று பெயர். “நூத்துல அஞ்சு பேர்தான் கையெழுத்துப் போடறாங்க. கவலைப்பட வேண்டிய விஷயம்.” அரை மணி நேரமாக அந்தத் தீவில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஓர் உயிர் இல்லை. ஒரு மரங்கொத்தி மட்டும் எங்கேயோ தட்டிக்கொண்டிருந்தது. குவென்டின் காதைத் தீட்டிக் கேட்டார்.

“கட்டுமான வேலையா?”

வெர்னன் அதற்குமேல் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். அந்த எண்ணிக்கை எல்லாம் பொய். நான்தான் ஏத்திச் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தா அதிகம். என் சம்சாரத்தைப் பதினாலு தரம் எண்ணியிருக்கேன். ஒரு கரடியை மூணு தரம்.”

குவென்டின் அவர் தோளில் கையை வைத்தார்.

“எத்தனை வாரமா லீவு எடுக்காம இருக்கீங்க?”

“பத்து வாரம். ஆனா அது இல்ல விஷயம்...”

“நாலாயிரம் பேரைத் தனியா சமாளிச்சிருக்கீங்க. இப்படித்தான் ஆகும். யாரும் வரவே இல்லைன்னு மனசு சொல்ல ஆரம்பிச்சுடும்.”

“மனசு சொல்லல தம்பி, நான் சொல்றேன்! இந்த நோட்டைப் பாருங்க.”

குவென்டின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாக வரையறைகள், நிரூபணங்கள், சிவப்பு மையில் திருத்தங்கள். அவர் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு கவனமா யாரும் எண்ணிப் பார்த்ததில்ல சார்,” என்றார்.

நான் குறுக்கே வந்தேன். “அவர் சொல்றது நிஜம்தான். என் படகுலதானே எல்லாரும் வரணும்? நான் சொல்றேன்.”

அவர் பலகையில் எதையோ தேடி எனக்குக் காட்டினார். “நீங்க ஆர்டிஸ்தானே? ஜூன் மாசமும் ஜூலை மாசமும் சாட்சிக் கையெழுத்து உங்களுது.”

நான் படகைக் கிளப்பப் போனேன். கிளம்பும்போது குவென்டின், வெர்னன் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ‘தொண்டர் களைப்பு: அறிகுறிகளும் ஆறுதலும்’. ஏரியைப் பார்த்து ஆழமாக மூச்சு விடச் சொல்லியிருந்தது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அளவுக்கு மீறிய கூட்டத்தால் கெட்டில், பார்லி இரண்டு தீவும் நலிந்துபோய்விட்டன. அவை தேறும் வரை பொதுமக்கள் இறங்கக் கூடாது. வெள்ளையடிப்பது இன்னும் தள்ளி இருக்கும் மூன்றாவது தீவான பெப்பரின் கோபுரத்துக்கு. பெப்பர் தீவின் தொண்டர் ஜூன் ஐந்தாம் தேதியே கொசுக்கடி தாங்காமல் ஊருக்கு ஓடிவிட்டார். ரேடியோவில் சொல்ல ஆளில்லாததால் அங்கே வருகை பூஜ்யம். அதை ‘பாதுகாக்கப்பட வேண்டிய அரிய தனிமை’ என்று உத்தரவில் எழுதியிருந்தார்கள்.

ரஸ் ரேடியோவில் வந்தான். “மச்சான், கேட்டியா? பெப்பருக்காம்! அங்க ஒரு நாய் கூடப் போகாது!”

“உன்னாலதான்டா.”

“என்னாலயா? கரடியை மூணா எண்ணினது நானா?”

“பொதுச் சேனல்ல பேசிட்டிருக்கீங்க,” என்றாள் கிரெச்சன்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் தேவலாம். மினியாபொலிஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று அதைக் கொட்டை எழுத்தில் போட்டது: கூட்டம் தாங்காமல் மூடப்பட்ட தீவுகள். கூடவே உதிர்ந்துபோன கோபுரத்தின் படம். அந்த வார இறுதியில் எங்கள் ஊருக்குள் கார் நிறுத்த இடமில்லை. அதுவரை கெட்டில் என்றால் தண்ணீர் காய்ச்சுவது என்று நினைத்திருந்தவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். என் படகில் மூன்று வாரத்துக்கு இடம் கிடையாது. தீவைச் சுற்றி மட்டும் காட்டுகிறேன், இறங்க முடியாது என்று சொன்னேன். சரி என்றார்கள். இறங்க முடியாது என்றதும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வெர்னனையும் ரஸ்ஸையும் அலுவலகம் அங்கேயே இருக்கச் சொன்னது. இப்போது வேலை, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது. கயாக்குகள் வாத்துக்கூட்டம் மாதிரி வந்தன. வெர்னன் துறையில் நின்று கையை ஆட்டி ஆட்டித் தொண்டை கட்டிக்கொண்டார். கிழக்குப் பக்கம் விரட்டினால் மேற்குப் பக்கம் ஏறினார்கள். காலுறை காயப் போட்டார்கள், கோபுரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள், ‘உண்மையிலேயே கூட்டம் அதிகம்தான்’ என்று அவரிடமே குறைப்பட்டுக்கொண்டார்கள். பாதையில் புல் போன இடம் தெரியவில்லை. கழிப்பறையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர் குரல் கட்டையாகக் கேட்டது.

“கெட்டில். நூத்தி நாப்பத்திமூணு. தலைக்கு ஒரு தரம்தான் எண்ணினேன் கிரெச்சன். கரடி இல்ல. கழிப்பறைக் கணக்கு இல்ல. மனுஷங்க.”

“சார்... மூடின தீவுல வருகை இருக்க முடியாதே.”

“என் கண்ணு முன்னாடி உக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருக்காங்கம்மா.”

“கணினி எடுத்துக்க மாட்டேங்குது சார். பூஜ்யத்தைத் தவிர எதைப் போட்டாலும் சிவப்பா வருது.”

ரேடியோவில் வெர்னனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“அப்ப பூஜ்யம்னே போட்டுக்கோ,” என்றார்.

“பார்லி, நூத்தி அறுபது!” என்று ரஸ் கத்தினான். “நிஜமா! சத்தியமா! கேப்டன், நீயாவது சொல்லு!”

“பார்லியும் பூஜ்யம். நன்றி ரஸ்,” என்றாள் கிரெச்சன்.

செப்டம்பர் கடைசியில் இரண்டு பேரையும் ஒரே நடையில் ஊருக்குக் கூட்டி வந்தேன். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பாதி ஏரி தாண்டியதும் ரஸ், “மச்சான், சிகரெட் இருக்கா?” என்றான். வெர்னன் இருபது வருஷத்துக்கு முன்பே விட்டவர். பையில் தேடிப் பார்த்து ஒரு புதினா மிட்டாயைக் கொடுத்தார். சமாதானம் என்று ஏதாவது நடந்திருந்தால் அது அவ்வளவுதான்.

வீட்டில் லவோன் அவரை உள்ளே விட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டாரா என்று என்னிடம் கேட்டாள். சொன்னார், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். “அது அவர் தப்பு இல்ல,” என்று கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.

அடுத்த வருஷமும் தீவுகள் திறக்கவில்லை. தேறிக்கொண்டிருக்கின்றனவாம். கெட்டிலில் தங்கிக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் மட்டும் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வெர்னன் மனுப் போட்டார். அவர் கோப்பில் ‘களைப்பு’ என்று இருந்ததால் ஒரு வருஷம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். வேலை லவோனுக்குக் கிடைத்தது. அவள் மனுப் போட்டதே வீட்டில் யாருக்கும் தெரியாது. குமட்டலுக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டி நிறையப் புத்தகத்தோடு ஜூன் முதல் தேதி என் படகில் ஏறினாள். “நாலு மாசம் சத்தமே இருக்காதுல்ல ஆர்டிஸ்?” என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ரஸ் இப்போது என் படகில் ஒலிபெருக்கி பிடித்துக் கதை சொல்கிறான். உலகத்திலேயே மிக நெரிசலான இரண்டு தீவுகள் என்று ஆரம்பிக்கிறான். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடையில் வெர்னன் வருவார். கெட்டிலில் இறங்க அவருக்கு அனுமதி இல்லை, அவரும் பொதுமக்கள்தான். மனுப் போட்டிருக்கிறார், வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்துவிட்டு ‘மனைவி’ என்று எழுதினார். பதில் வரவில்லை. ஆகவே துறைக்கு இருபது அடி தள்ளிப் படகை நிறுத்துவேன். லவோன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து துறை முனையில் உட்காருவாள். முகத்தில் வெயில் ஏறி நன்றாகவே இருக்கிறாள்.

போன ஞாயிறு அவர் முதல் தரமாக மீனைத் தானே புகைபோட்டுக் கொண்டுவந்திருந்தார். மீன் இருந்த பையை நீளக் கழியில் மாட்டி நீட்டினேன். பன்னிரண்டு பயணிகளும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்று வெர்னன் கத்தினார்.

லவோன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். “உப்பு கம்மி!”

“அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்! வேற ஏதாவது வேணுமா?”

“ஒண்ணும் வேணாம்! நீ என்ன பண்ற அங்கே?”

அவர் சொல்லத் தொடங்கினார். அடுப்புக் குழாய் அடைத்துக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான், அலமாரியில் அவளுடைய பழைய நர்ஸ் தொப்பி கிடைத்தது, ஒரு நாள் அதைப் போட்டுப் பார்த்தாராம். வீட்டுக்குள் இருந்தவரைக்கும் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசாத மனுஷன், தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று கால் மணி நேரம் கத்திக்கொண்டிருந்தார். லவோன் முழங்காலில் கையை ஊன்றி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். எனக்கு அடுத்த நடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரஸ் ஒலிபெருக்கியை எடுக்கப் போனான். நான் அவன் கையில் ஓர் அடி போட்டேன்.